விசை எங்கே போகிறது? இயந்திர வடிவமைப்பை நான் கற்றுக்கொண்ட விதம்

இயந்திர வடிவமைப்பு கற்க வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "இந்த ஷாஃப்ட் (சுழலும் தண்டு) எத்தனை மில்லிமீட்டர் போடணும்?" என்றுதான். என் அனுபவத்தில் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் உண்டு. விசை எங்கே தொடங்கி, எதன் வழியாகப் போய், எங்கே முடிகிறது? எது அசைய வேண்டும், எது அசையவே கூடாது? இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிறகு விட்டத்தைக் கணக்கிடுவது அரை மணி நேர வேலை. பதில் தெரியாமல் போடும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தவறான கேள்விக்கான சரியான விடைதான்.

நான் பராமரிப்புப் பிரிவில் சில வருடங்கள் இருந்துவிட்டு டிசைன் பிரிவுக்குப் போனவன். கல்லூரியில் படித்த சூத்திரங்கள் எல்லாம் நினைவில் இருந்தன. ஆனால் எந்த இடத்தில் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்பது பிடிபடவில்லை. அங்கே இருந்த மூத்த வடிவமைப்பாளர் முதல் வாரம் என்னைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. பட்டறை மேசையில் இருந்த, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸைக் காட்டி, "ஒரு இரும்புத் துண்டைக் கடிக்க வச்சு இறுக்குங்க தம்பி. அப்புறம் அந்த விசை எந்தெந்தப் பாகம் வழியா சுத்தி வருதுன்னு பேப்பர்ல வரைஞ்சு கொண்டாங்க" என்றார்.

இது பார்க்கச் சின்னப் பயிற்சி. உட்கார்ந்து செய்தால்தான் அதன் ஆழம் தெரியும். இரும்புத் துண்டு இரண்டு தாடைகளையும் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. நகரும் தாடை அந்தத் தள்ளலைத் திருகின் தலைப்பக்கக் காலரில் (தடித்த வளைய விளிம்பில்) கொடுக்கிறது. திருகு அதைத் தன் உடல் வழியாக நட்டுக்குக் கொண்டுபோகிறது. நட்டு நிலையான உடலில் உட்கார்ந்திருக்கிறது, அந்த உடல் நிலையான தாடையோடு சேர்ந்தது, தாடையிலிருந்து மறுபடி இரும்புத் துண்டு. வட்டம் மூடிவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் மேசைக்கு அந்த விசையில் துளிகூடப் போவதில்லை. திருகு தாடையைத் தள்ளுகிறது என்பதால் அது அமுக்கத்தில் இருக்கும் என்றே பலர் நினைப்பார்கள். காலருக்கும் நட்டுக்கும் நடுவில் அது உண்மையில் இழுவையில் இருக்கிறது. தாடைகள் திருகுக்கு மேலே இருப்பதால் நகரும் தாடையின் தண்டு வளையவும் செய்கிறது. தாடையை உயரமாக்கினால் அந்த வளைவு கூடும்.

ஒவ்வொரு பாகத்தையும் தனியே பிரித்து, அதன்மீது பக்கத்துப் பாகங்கள் தரும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போட்டுப் பார்ப்பதைத்தான் ஃப்ரீ பாடி டயக்ராம் என்று படித்திருப்போம். தேர்வுக்கு வரைந்ததற்கும் கையில் தொட்டுப் பார்க்கும் பொருளுக்கு வரைவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இன்றைக்கும் புது வேலை எது வந்தாலும் நான் முதலில் செய்வது, விசையின் பாதையைச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக இழுத்துப் பார்ப்பதுதான். கோடு குட்டையாக, நேராக, சீக்கிரம் மூடிக்கொண்டால் நல்ல டிசைன். சுற்றி வளைத்துக்கொண்டு போனால், வளைகிற ஒவ்வோர் இடத்திலும் இரும்பு வீணாகும், விலகலும் கூடும்.

இந்தக் கோட்டின் அருமையை எனக்கு உணர்த்தியது ஓர் உடைந்த ஷாஃப்ட். செயினால் ஓடும் கன்வேயர் டிரைவ். நாங்கள் வருவதற்கு முன்பே பலமுறை உடைந்து, ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கடினமான ஸ்டீலில் செய்து மாட்டியிருந்தார்கள். அப்படியும் அதே இடத்தில் உடைந்தது. கையில் எடுத்து உடைந்த முகத்தைப் பார்த்தோம். பெரும்பகுதி மழமழவென்று இருந்தது. அதன் குறுக்கே வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். ஓரத்தில் சின்னதாக ஒரு பகுதி மட்டும் சொரசொரப்பாக, மணல் மணலாக இருந்தது. கோடுகள் எல்லாம் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிய தடம். சொரசொரப்பான பகுதி, மிச்சமிருந்த இரும்பால் தாங்க முடியாமல் ஒரே அடியில் பிய்ந்த இடம். அந்தப் பகுதி இவ்வளவு சின்னதாக இருந்ததே ஒரு முக்கியமான தகவல்: சுமை அதிகமாகி உடையவில்லை. சாதாரணச் சுமைதான், லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்து உடைத்திருக்கிறது.

கணக்கைக் காகிதத்தில் போட்டோம். மோட்டார் 1.5 கிலோவாட், நிமிடத்துக்கு 1440 சுற்று, கியர்பாக்ஸ் 20-க்கு 1. ஷாஃப்ட் 72 சுற்றில் ஓடுகிறது. 9550-ஐக் கிலோவாட்டால் பெருக்கிச் சுற்று எண்ணிக்கையால் வகுத்தால் திருப்பு விசை நியூட்டன் மீட்டரில் கிடைக்கும். இங்கே சுமார் 200. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பிட்ச் விட்டம், அதாவது செயின் சுற்றும் வட்டத்தின் விட்டம், 100 மில்லிமீட்டர், ஆக செயின் இழுவை 4 கிலோ நியூட்டன், அதாவது 400 கிலோ எடை தொங்குவது மாதிரி. ஸ்ப்ராக்கெட் பேரிங் மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுவையை அந்தத் தூரத்தால் பெருக்கினால் ஷாஃப்டை வளைக்கும் திருப்பம் 240 நியூட்டன் மீட்டர். 30 மில்லிமீட்டர் ஷாஃப்டில் அது ஏறக்குறைய 90 மெகா பாஸ்கல் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் இரும்பும் தாங்கும் விசை 90 நியூட்டன். ஷாஃப்டுக்கு வழக்கமாகப் போடும் சி45 ஸ்டீலுக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும், அதன் இழுவலிமை 600 அளவில் இருக்கும்.

ஆனால் ஷாஃப்ட் சுற்றுகிறது, செயின் எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கிறது. மேற்பரப்பில் இருக்கும் எந்தப் புள்ளியும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபடும், ஒருமுறை அமுக்கப்படும். 72 சுற்றில் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். பத்து நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஸ்டீலின் சோர்வு வரம்பு, அதாவது எத்தனை தடவை திரும்ப வந்தாலும் உடைக்காத தகைவின் எல்லை, பாலிஷ் செய்த சின்ன மாதிரியில் இழுவலிமையில் ஏறக்குறைய பாதி. லேத்தில் கடைந்த பரப்புக்கும் ஷாஃப்டின் அளவுக்கும் கழித்தால் 200 அளவுக்கு இறங்கிவிடும். அடுத்து, பேரிங் முட்டி உட்காரும் ஸ்டெப்பின் (ஷாஃப்டின் விட்டம் மாறும் படியின்) மூலை. அங்கே ரேடியஸே, அதாவது மூலையை மழுக்கும் வளைவே, இல்லை, கத்தி வைத்து வெட்டியதுபோல் இருந்தது. அப்படிப்பட்ட மூலையில் தகைவு இரண்டரை மடங்கு வரை குவியும். 90 என்பது அங்கே 225. வரம்பு 200. உடையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

லேத் வேலை பார்ப்பவரிடம் போய்க் கேட்டேன். "டிராயிங்ல ரேடியஸ் போட்டா அதை விடுவேன் தம்பி. போடலைன்னா டூல் மூக்கு என்ன விடுதோ அதுதான் வரும்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். வரைபடத்தில் சொல்லாமல் விட்டதை எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

கடின ஸ்டீல் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். வலிமை கூடக் கூட ஸ்டீல் கூர்மூலைக்கு இன்னும் அதிகமாகப் பணிந்துபோகும். நாங்கள் ஸ்டீலைத் தொடவே இல்லை. ஸ்ப்ராக்கெட்டை உள்ளே தள்ளி 35 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். தகைவு 53-க்கு இறங்கியது. மூலைக்கு 2 மில்லிமீட்டர் ரேடியஸ் கொடுத்தோம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே இருந்த 6206 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உள்மூலை ரேடியஸ் 1 மில்லிமீட்டர்தான், 2 மில்லிமீட்டர் ரேடியஸின்மேல் அது ஏறி நிற்குமே தவிர ஸ்டெப்பில் முட்டாது. அதற்காக ஸ்டெப்பை 40 மில்லிமீட்டராக உயர்த்தி, நடுவில் உள்ளோரம் சரித்த ஒரு வளையத்தைப் போட்டோம். இந்த மாதிரி விவரங்களில்தான் டிசைன் வேலையின் பாதி நேரம் போகிறது, போகவும் வேண்டும்.

இந்தச் சோர்வு முறிவை உலகம் புரிந்துகொண்டதே ரயில் அச்சுகள் உடைந்ததால்தான். 1842-ல் வெர்சாய் அருகே ஓர் எஞ்சின் அச்சு உடைந்து பெரிய விபத்து நடந்தது. பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்து, எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தகைவு தாங்கும் என்று காட்டினார். சுழலும் எதை வரைந்தாலும் அந்தச் சோதனைகளை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த பாடம் விறைப்பு, அதாவது சுமை வந்தாலும் வளைந்துகொடுக்காத தன்மை. வலிமையும் விறைப்பும் ஒன்றல்ல என்பதை வாயால் எல்லோரும் சொல்வோம், எண்ணால் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு கேமராவைத் தாங்க 50 அகலம், 10 கனம் உள்ள ஸ்டீல் பட்டை 200 மில்லிமீட்டர் நீட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் 100 நியூட்டன். தகைவு வெறும் 24 மெகா பாஸ்கல், சாதாரண ஸ்டீலின் தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நுனி 0.32 மில்லிமீட்டர் தாழும். கேமராவுக்கு அது அநியாயம். விலை உயர்ந்த ஸ்டீலை வாங்கிப் போட்டாலும் அதே 0.32தான், ஏனென்றால் எல்லா ஸ்டீலுக்கும் உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் மீள்தன்மைக் குணகம் ஏறக்குறைய 200 கிகா பாஸ்கல். அலுமினியத்துக்கு 70, அதில் செய்தால் மூன்று மடங்கு தாழும். கனத்தை 20 ஆக்கினால் விலகல் எட்டில் ஒன்றாகி 0.04-க்கு வரும். அதைவிட எளிய வழி, அதே பட்டையைக் குத்துவாக்கில் நிறுத்துவது. ஒரு கிராம் இரும்பு கூடாமல் விலகல் 25-ல் ஒரு பங்காகிவிடும். நீளத்தைப் பாதியாக்க முடிந்தால் எட்டில் ஒன்று. ஆக முதலில் நீளத்தைக் குறைக்கப் பாருங்கள், பிறகு உயரத்தைக் கூட்டுங்கள், உலோகத்தை மாற்றுவது கடைசி வழி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான் வருகிறது: எதை அசையவிடுவது, எதைக் கட்டுவது. பாடத்திட்டங்களில் இதற்கு இடம் குறைவு என்பது என் வருத்தம். எதோடும் கட்டப்படாத ஒரு பொருளுக்கு ஆறு வகை அசைவுகள் உண்டு, மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. ஒவ்வோர் அசைவையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடுத்தால் அந்தப் பொருள் நிம்மதியாக உட்காரும். ஒரே அசைவை இரண்டு இடங்களில் தடுத்தால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். சண்டையில் வளைவது உங்கள் சட்டமோ, சூடாவது உங்கள் பேரிங்கோ, ஏதோ ஒன்று நிச்சயம்.

ஷாஃப்டில் இரண்டு பேரிங்குகளையும் இரு பக்கமும் இறுக்கிப் பூட்டிவிடுவது அடிக்கடி பார்க்கும் அமைப்பு. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 12 மைக்ரான் நீளும். 500 மில்லிமீட்டர் இடைவெளியில் ஷாஃப்ட் சட்டத்தைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.24 மில்லிமீட்டர் நீள வேண்டும். நீள இடமில்லை என்றால் அந்த விசை முழுவதும் பேரிங் குண்டுகளின் மேல்தான் இறங்கும். ஒரு பேரிங்கை மட்டும் பூட்டுங்கள். மற்றதன் வெளிவளையம் ஹவுசிங்கில் நகர இடம் விடுங்கள். இப்படி விட்டுவைப்பதைத் தளர்ச்சி என்று நினைக்க வேண்டாம், அது திட்டமிட்டுக் கொடுக்கும் சுதந்திரம்.

வழுக்கிச் செல்லும் பாகங்களிலும் இதே கதைதான். ஒரு தூணில் மேலும் கீழும் நகரும் ஸ்லைடு சிக்கிக்கொள்கிறது என்று ஒரு வேலை வந்தது. எல்லோரும் கிரீஸை மாற்றச் சொன்னார்கள். சிவப்புக் கோட்டை இழுத்துப் பார்த்தால் தள்ளும் விசை தூணிலிருந்து வெகு தூரம் தள்ளி விழுந்தது. தூணைச் சுற்றி வழுக்கும் குழாயான புஷ்ஷின் நீளம் எல், விசை தூணிலிருந்து ஏ தூரம், உராய்வுக் குணகம் 0.2 என்றால், ஏ என்பது எல்-இன் இரண்டரை மடங்கைத் தாண்டியதும் ஸ்லைடு நகரவே நகராது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு பலமாகக் கடித்துக்கொள்ளும், ஏனென்றால் தள்ளும் விசை கூடும்போது உராய்வும் கூடவே ஏறுகிறது. நீளமான இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நிற்பதும் இதனால்தான். புஷ்ஷை நீளமாக்கினோம், தள்ளும் இடத்தைத் தூணுக்கு அருகே கொண்டுவந்தோம். கிரீஸ் பழையதேதான். இரண்டு இணையான தூண்களில் ஓடும் ஸ்லைடு என்றால் ஒன்றில் இறுக்கமான ஃபிட் (துளைக்கும் தூணுக்கும் உள்ள பொருத்தம்) கொடுங்கள், மற்றதற்கு இரு தூண்களையும் இணைக்கும் திசையில் கொஞ்சம் நகர இடம் விடுங்கள். இரண்டையும் இறுக்கமாகக் கொடுத்துவிட்டு இடைவெளியை மைக்ரான் துல்லியத்தில் துளையிடச் சொல்வது, துளையிடுபவருக்குச் செய்யும் கொடுமை.

ஃபிட் என்றதும் அட்டவணையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலில் நாலைந்து போதும். 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற குறியீடு போட்டால் 0 முதல் 21 மைக்ரான் வரை பெரிதாக இருக்கலாம். ஷாஃப்டுக்கு ஜி6 கொடுத்தால் 7 முதல் 20 மைக்ரான் சிறிதாக இருக்கும், ஆகவே எப்போதும் வழுக்கும். கே6 கொடுத்தால் 2 முதல் 15 மைக்ரான் பெரிதாக இருக்கும், துளையின் அளவைப் பொறுத்து லேசாகத் தட்டி ஏற்ற வேண்டிவரலாம். பேரிங்கில் எந்த வளையத்தை இறுக்குவது என்பதற்கு ஒரே ஒரு சோதனை: சுமை எந்த வளையத்தின் சுற்றளவு முழுவதும் ஓடி வருகிறதோ அதை இறுக்க வேண்டும். ஷாஃப்ட் சுற்றி, சுமை ஒரே திசையில் நின்றால் அது உள்வளையம். பேரிங் ஆயுளைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியதும் ஒன்றுதான்: குண்டு பேரிங்கில் சுமை இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒன்று. பெரிய பேரிங் தேடுவதற்கு முன் சுமையைக் குறைக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

போல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதைப் பற்றிய தவறான எண்ணம் மிகப் பரவலாக இருக்கிறது. இரண்டு தட்டுகளைச் சேர்க்கும் போல்ட் குறுக்கே வரும் சுமையைத் தன் உடம்பால் தடுக்கிறது என்று நினைப்பார்கள். சரியாக இறுக்கிய இணைப்பில் அந்தச் சுமை போல்ட்டின் உடம்பை அடைவதே இல்லை. 8.8 என்ற வலிமைத் தரமுள்ள எம்10 (10 மில்லிமீட்டர்) போல்ட்டை 50 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் அது சுமார் 25 கிலோ நியூட்டனில் தட்டுகளை அமுக்கும். உராய்வு 0.15 என்றால் 3.7 கிலோ நியூட்டன் வரை தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. அந்த எல்லைக்குள் வைத்திருப்பதுதான் டிசைனரின் வேலை. தட்டுகள் குறுக்கே வழுக்கத் தொடங்கினால் நட்டு தானாகவே கழன்று வரும். இதை 1969-ல் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனை செய்து காட்டினார். ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதும் என்ற நம்பிக்கையை அதன் பிறகாவது விட்டிருக்க வேண்டும். இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க, துளையில் இறுக்கமாக உட்காரும் உருளை ஊசியான டோவல் பின்னைப் போடுங்கள், அமுக்கிப் பிடிக்க போல்ட்டைப் போடுங்கள். இரண்டு வேலையையும் ஒன்றிடம் கொடுக்காதீர்கள். இறுக்க நீங்கள் செலவிடும் திருப்பு விசையில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. எண்ணெய் தடவிய மரைக்கும் உலர்ந்த மரைக்கும் ஒரே எண்ணை எழுதிவிடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். வரையும்போதே ஸ்பேனர் நுழைந்து திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பராமரிப்பில் இருந்தவன் என்பதால் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

கியர், பெல்ட், செயின் எல்லாவற்றுக்கும் நல்ல கையேடுகளும் தயாரிப்பாளர்களின் தேர்வு அட்டவணைகளும் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றினாலே பெரும்பாலும் போதும், தொடக்கத்தில் அங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் தகைவைப் பார்க்கும் சாஃப்ட்வேரையும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஓட்டுவதற்கு முன் கையால் ஓர் எண்ணை எழுதி வையுங்கள். திரையில் வருவது அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் விலகினால் எங்கே தாங்கினீர்கள், எங்கே சுமை வைத்தீர்கள் என்று திரும்பப் பாருங்கள். கூர்மூலையில் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், சாஃப்ட்வேர் பாகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ்ஷை நுணுக்கமாக்க ஆக்க அது ஏறிக்கொண்டே போகும்.

தானாக ஒன்றை டிசைன் செய்து பழக விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, கையால் அழுத்தும் சின்ன ஆர்பர் பிரஸ். நெம்புகோல், பினியன் (சின்னப் பல்சக்கரம்), பல்சட்டம், கீழே வழுக்கி வந்து அமுக்கும் ராம், பின், போல்ட், சட்டம் என்று மேலே சொன்னது எல்லாமே அதில் இருக்கின்றன. முதலில் ராம் அமுக்கும் விசையின் கோட்டை வரையுங்கள். அது மேசையிலிருந்து பின்பக்கத் தூண் வழியாக ஏறி மேலே வந்து மூடும். விசை வாய்ப்பக்கம் இருக்க, தூண் பின்னால் தள்ளி நிற்பதால் தூண் வளையும், அதன் உள்பக்கம் இழுபடும், வெளிப்பக்கம் அமுங்கும். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது, அதில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்குதான் தாங்கும். ஆகவே தூணின் குறுக்குவெட்டில் பட்டையான கனத்த பகுதியை உள்பக்கமாக வையுங்கள், மெல்லிய விலா வெளிப்பக்கம் போகட்டும். வரைந்து முடித்ததும் ஏதாவது ஒரு பழைய பிரஸ்ஸின் தூணைப் பின்னாலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்து, உங்கள் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வாய் ஆழத்தை இரட்டிப்பாக்கினால் தூணுக்கு எவ்வளவு உயரம் கூட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கையாலேயே கணக்கிட்டுப் பாருங்கள்.